அண்ணனின் மாத்திரை, தம்பியின் ரத்தம்

லேப் பெண் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனவர் சின்னவர்.

பெரியவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மடியிலிருந்த பழைய வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரஷர் குக்கர் விளம்பரம் ஒன்றை மனப்பாடம் செய்கிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். முழங்கையால் தம்பியின் விலாவில் ஒரு இடி, அவ்வளவுதான் உத்தரவு. அரை நூற்றாண்டாக நடந்துவரும் காரியத்துக்கு அதற்குமேல் பேச்சு எதற்கு? சின்னவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். லேப் பெண் சீட்டைப் பார்த்து, "பேரு இதுதானே சார்?" என்றாள். "இதேதாம்மா" என்றார் சின்னவர். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் துளிகூடத் தோன்றவில்லை. அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டி, நரம்பு தேடி, ஊசியை ஏற்றினாள். ரத்தம் தாராளமாக வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பத்திரிகைக்கு மேலே இரண்டு கண்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கிக்கொண்டன.

இருவரும் இரட்டையர். பெரியவர் சில நிமிஷம் முந்திக்கொண்டு பிறந்தவர். அந்தச் சில நிமிஷத்தை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய ராஜ்யம் கொஞ்சநஞ்சமல்ல. நீ வா போ என்று பேசலாம், ஆனால் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். சைக்கிளில் சீட்டில் உட்காருவது அவர், கேரியரில் தொங்குவது இவர். ஆனால் ஊசி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்த மகாராஜா கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது சின்னவர் வரிசையில் ஒரு தடவை நின்று குத்திக்கொண்டு, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் இன்னொரு தடவை நின்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டு ஆள் காய்ச்சல் அடித்தது. பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விடியவிடிய ஈரத்துணி மாற்றிப் போட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பதிலுக்குத் தம்பியின் கணக்குப் பரீட்சையை அவர் எழுதினார். டிரைவிங் லைசென்ஸுக்கு வண்டி ஓட்டிக் காட்டியதும் அவர்தான். அதனாலேயே சின்னவருக்கு இன்றுவரை ரிவர்ஸ் எடுக்க வராது. கல்யாணம் ஒன்றில்தான் ஆள்மாறாட்டம் நடக்கவில்லை. பெரியவர் பண்ணிக்கொண்டார், பக்கத்திலிருந்து அதைப் பார்த்த சின்னவர் நமக்கு வேண்டாம் சாமி என்று இருந்துவிட்டார்.

கடைவீதியில் அவர்களுக்கு ஒரு சாவிக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நடுவில் ஒரு வெட்டும் இயந்திரம், ஓரத்தில் ரசம் போன ஒரு கண்ணாடி. ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி கண்ணாடி பிரேம், ஒரே துணியில் தைத்த சட்டை. இதெல்லாம் தானாக அமைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வயது ஏற ஏற ஒருவருக்கு முன்பக்கம் வழுக்கை விழுந்தது, மற்றவருக்கு உச்சியில் விழுந்தது. பெரியவர் உடனே இருவருக்கும் தொப்பி வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே கிண்ணத்தில் மை கலக்கி, தம்பியின் மீசைக்கு அண்ணனும் அண்ணனின் மீசைக்குத் தம்பியும் பூசிக்கொள்வார்கள். காய்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் மை உதட்டில் இறங்கிவிடும். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் கடை அமைதியாக இருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

இந்த ஒற்றுமையில் தொழில் லாபமும் உண்டு. வெட்டிக்கொடுத்த சாவி திறக்கவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், இருக்கிறவர் இல்லாதவரைக் கைகாட்டிவிடுவார். "அது அவன் வெட்டினதுங்க." இரண்டு பேருமே இருந்தால் ஒருவரையொருவர் காட்டுவார்கள். வந்தவருக்கும் யாரிடம் கொடுத்தோம் என்று நினைவிருக்காது. கடைசியில் சிரித்துவிட்டு வேறு சாவி வெட்டிக்கொண்டு போவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி போன மாதம் பெரியவரின் மார்பு வலியில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு அவரை எத்தனையோ இடத்தில் குத்தினார்கள், ஆனால் பாதி மயக்கத்தில் நடந்தது கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. வீட்டுக்கு அனுப்பும்போது இதய டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் காட்டி, ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க இதுதான் காவல், ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். "ஆனா ஒண்ணு. இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. ஈரல் அதை மாத்திக் கொடுக்கணும். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த வேலை சரியா நடக்காது. அவங்க தினம் தினம் மாத்திரை போடுவாங்க, உள்ள போகும், வெளிய போகும், நடுவுல ஒண்ணும் நடக்காது."

"ஆபீஸ்ல மனு கொடுத்த மாதிரி" என்றார் பெரியவர்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நடுவுல ஒண்ணும் நடக்கலைன்னா ஸ்டென்ட் மறுபடி அடைச்சிக்கும். அப்ப இங்க வந்து சேர நேரம் இருக்காது. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதறேன், உங்க உடம்பு எந்த ரகம்னு அது சொல்லிடும்."

அந்தப் பரிசோதனைக்குத்தான் சின்னவர் கையை நீட்டினார். இருவருக்கும் ஒரே முகம், ஒரே ரத்தம். யார் கையிலிருந்து எடுத்தால் என்ன? ரிசல்ட் வந்தது, மாத்திரை பிரமாதமாக வேலை செய்யும் ரகம் என்று. பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம உடம்பு அப்படிடா. எதைப் போட்டாலும் கேட்கும்" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். கையைக் கொடுத்தவர் அவரல்லவா.

அடுத்த வாரம், கீழே விழுந்த ஒரு குட்டிச் சாவியை எடுக்கக் குனிந்த சின்னவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றவரைப் பெரியவர் ஸ்டூலில் சாய்த்து உட்காரவைத்து, கல்லாவைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். முந்தின வருஷம் அவருக்குப் பல் பிடுங்கியபோது டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் மிச்சம் இருந்தது.

"இது சுத்த உதவாக்கரை மாத்திரை. நான் ரெண்டு ரெண்டாப் போட்டேன், ஒரு மண்ணும் ஆகல. நீ ஒண்ணு போட்டு வை, போடலைன்னு இருக்க வேண்டாம்."

சின்னவர் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது மட்டுமா, கவலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதும் தெரியவில்லை. கையிலிருந்த பழைய பூட்டு ஒன்றைத் தடவிக்கொடுத்து, "நீ ரொம்ப நல்லவன்டா, உன்னை யாரும் புரிஞ்சிக்கல" என்றார். பெரியவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து எதிர்வரிசைத் தையல்கார அம்மா பீரோ சாவிக்கு ஒரு நகல் வெட்ட வந்தார். சின்னவர் இயந்திரத்தைப் போட்டு, பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே, தொட்டால் நோகுமோ என்கிற மாதிரி வெட்டினார். காசு வேண்டாம் என்றார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். தையல்கார அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினார்.

பெரியவர் திரும்பி வந்தபோது தம்பி சாவித் தூளில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினால் கண்ணைத் திறப்பார், சிரிப்பார், மறுபடி மூடிக்கொள்வார். மூச்சு நிதானமாக, ரொம்ப நிதானமாக, அடுத்தது வருமா என்று எதிர்பார்க்க வைத்து வந்தது. பெரியவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி, சின்னவரின் அண்ணி, ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்தவர் அலறவில்லை, அழவில்லை. கொழுந்தனை நிமிர்த்தி உட்காரவைத்து, மூலை கிளினிக் டாக்டரைக் கையோடு இழுத்து வந்து காட்டினார். தூங்கவிடாதீர்கள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கொஞ்சம் தடுமாறினாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தூங்கவிடாமல் இருக்க அண்ணிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திட்டுவது. பொழுது சாயும்வரை வாய் ஓயாமல் திட்டினார். மாமியார் காலத்துக் கணக்கையெல்லாம் தோண்டி எடுத்துத் திட்டினார்.

இருட்டுகிற நேரத்தில் சின்னவருக்குத் தலை தெளிந்தது. வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரே ஒரு மாத்திரைதான் அண்ணி" என்றார், திருட்டில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"அதைத்தான் நானும் பாக்கறேன்" என்றார் அண்ணி. "உங்க அண்ணன் ரெண்டு போட்டுட்டு, பல்லு வலிக்குது வலிக்குதுன்னு வீட்டையே ரெண்டாக்கினார். நீங்க ஒண்ணு போட்டு ஆளே சாஞ்சிட்டீங்க. ஒரே ரத்தம், ஒரே ரத்தம்னு தம்பட்டம் அடிச்சீங்களே ரெண்டு பேரும், இதுதானா அந்த லட்சணம்?"

அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார். சின்னவருக்கு அது வேறு மாதிரி கேட்டது. ஒரே மாத்திரை. அண்ணனுக்கு ஒன்றுமே செய்யாதது, தம்பியைச் சாய்த்துவிட்டது. அப்படியென்றால் லேப்பில் கொடுத்த அந்த ரத்தம் யாருடைய கதையைச் சொல்லியிருக்கும்? அண்ணன் தினமும் காலையில் பெருமையாக விழுங்குகிறாரே, அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? அன்று அவர் தூங்கவில்லை. பகலில் தூங்கியதாலும் இருக்கலாம். கீழ் அறையிலிருந்து அண்ணனின் குறட்டை வந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம் நின்றால் இவர் எழுந்து உட்கார்ந்தார், மறுபடி கேட்டதும் படுத்தார்.

மறுநாள் காலை, பூட்டுக்கு எண்ணெய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை, அதுதான் சின்னவருக்குப் பயமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அந்த ரிசல்ட்டைத் திறந்து பார்த்தார்.

"அப்ப இது உங்களோடது. நல்ல செய்திதான். உங்களுக்கு என்னிக்காவது ஹார்ட் அட்டாக் வந்தா இந்த மாத்திரை நல்லா வேலை செய்யும்."

"அண்ணனுக்கு?"

"யாருக்குத் தெரியும்? அவர் ரத்தத்தை நான் பாக்கவே இல்லையே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இரட்டைன்னா ரெண்டு ரகம். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சிருந்தா நீங்க நினைக்கிற மாதிரி எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு கரு சேர்ந்து வளர்ந்திருந்தா, சாதாரண அண்ணன் தம்பிதான். ஒரே நேரத்துல பொறந்துட்டாங்க, அவ்வளவுதான்."

"நாங்க ஒண்ணுதான் டாக்டர். மீசையைப் பாருங்க."

"மீசைக்கு மை போடறீங்க" என்றார் டாக்டரம்மா. "நேத்து அந்த வலி மாத்திரையும் இதே மாதிரி உள்ள போய் மாறவேண்டிய சரக்குதான். அதை மாத்தற ஜீன் வேற, இதை மாத்தறது வேற. அதனால நேத்து நடந்ததை வச்சு நான் எதுவும் தீர்மானமாச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரிசல்ட்டை நம்பி இனிமே ஒரு வேளை மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. வேற மாத்திரை இருக்கு, உடனே மாத்திடலாம். ரத்தம் அவர் கையிலிருந்து எடுக்கணும். உங்க கையை வீட்டுல வச்சிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது சின்னவருக்கு ஒரு நினைப்பு வந்தது. நானும் அவனும் வேறு வேறு ஆளாக இருந்தால்? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது சந்தோஷமாக இருந்தது. தனக்கென்று ஒரு ஈரல், தனக்கென்று ஒரு தூக்கம், யார் சட்டையையும் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை வரிசையில் நிற்க வேண்டாத ஒரு கை. அடுத்த படியில் கால் வைத்ததும் அவமானமாகிவிட்டது. அண்ணன் உயிர் ஊசலாடுகிறது, இங்கே சொத்துப் பிரிக்கிற நினைப்பு. தன்னையே இரண்டு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடையில் பெரியவர் சுகமாகச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். சின்னவர் விஷயத்தைச் சொன்னதும் இயந்திரத்தை நிறுத்தினார். வேறு மாத்திரை, மறுபடி பரிசோதனை, உயிருக்கு ஆபத்து, எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒன்றுதான் ஏறியது.

"நான் வேற, நீ வேறயா?"

"இருக்கலாம்னு சொல்றாங்க அண்ணா."

"யாருடா சொல்றது? அப்பாவுக்கே நம்மள அடையாளம் தெரியாது. நீ பண்ணின தப்புக்கு நான் எத்தனை தடவை அடி வாங்கியிருக்கேன்."

"நீ பண்ணினதுக்கு நான் வாங்கினதுதான் ஜாஸ்தி."

"பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதானே."

சின்னவர் புத்திசாலித்தனமாக ஒரு வலை விரித்தார். "சரி, நீ சொல்றதுதான் நிஜம்னா உன் ரத்தத்துலயும் அதே ரிசல்ட்தான் வரும். வந்து நிரூபிச்சிட்டுப் போ." பெரியவர் அந்த வலையில் விழுகிற ஆளில்லை. "நிரூபிக்கறதுக்கு என்ன இருக்கு? நிஜத்தை எதுக்குடா குத்திப் பாக்கணும்?" என்றார்.

அப்போது சாப்பாட்டுப் பையோடு அண்ணி வந்து நின்றார். இரண்டு பேரும் நியாயம் கேட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். அண்ணி பையை மேடைமேல் வைத்தார்.

"கல்யாணமான வாரமே எனக்குத் தெரியும்" என்றார். "உங்க காது கன்னத்தோட ஒட்டியிருக்கும். தம்பிக்கு மடல் தொங்கும். உங்களுக்கு மாலைக்கு மேல காபி குடிச்சா தூக்கம் வராது, அவர் காபியைக் குடிச்சிட்டுத்தான் தூங்கவே போவார். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு இந்த உலகத்துல நம்பினது நீங்க ரெண்டு பேர் மட்டும்தான். மத்தவங்க பாவம்னு விட்டுட்டோம்."

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். தன் காதைப் பார்த்தார். தம்பியின் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அவர் காதைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். தம்பியின் காது மடல் ஆடியது. பிறகு, காற்று வரட்டும் என்று ஷட்டரை இன்னும் மேலே தள்ளப் போனவர் பாதியில் நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன அண்ணா?"

"வாயு."

சின்னவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வலை விரிப்பது, வாதம் பண்ணுவது எல்லாம் போன இடம் தெரியவில்லை. "எனக்கு உன்னைவிட்டா யாரு இருக்கா?" என்றார். "ஒண்ணா இருந்தா என்ன, வேறயா இருந்தா என்ன? நீ இருக்கணும். ஊசியை எனக்குக் குத்த முடிஞ்சா நூறு குத்திக்குவேன். இது என் கைல இல்ல அண்ணா. முதல் தடவையா என் கைல இல்ல."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "ஆட்டோவைக் கூப்பிடு. நீயும் பக்கத்துல உட்காரணும்" என்றார்.

லேப்பில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கடையின் நெருக்கத்தை விட்டால் வேறெங்கும் அவர்கள் அவ்வளவு ஒட்டி உட்கார்ந்ததில்லை. லேப் பெண் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். "இன்னிக்கு யார் சார்?" என்றாள், விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. பெரியவர் கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் ரப்பர் பட்டை இரண்டு தடவை நழுவியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மறு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றினாள்.

"ஸ்ஸ்... அம்மா" என்று சத்தம் வந்தது.

பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். கத்தியவர் தம்பி. முகத்தைச் சுளித்துக்கொண்டு, தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஏண்டா வலிக்குது?" என்றார் பெரியவர். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. இவ்வளவுதானா இது? இதுக்கா இத்தனை வருஷம்?"

சின்னவருக்கு அந்த இடத்திலேயே அவரை ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

புது மாத்திரை அன்றே தொடங்கிவிட்டது. ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். பழைய மாத்திரையை மாற்றுகிற வேலை பெரியவரின் ஈரலில் நடப்பதே இல்லை. இத்தனை நாள் அவர் விழுங்கியதும் சும்மா தண்ணீர் குடித்ததும் ஏறக்குறைய ஒன்று. தப்பித்தது அவர் அதிர்ஷ்டம், இனி புது மாத்திரை பார்த்துக்கொள்ளும், கவலையில்லை. சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் அதையெல்லாம் வேறு யாருடைய சமாசாரமோ மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க?" என்றார்.

"ஒரே கரு இல்லை. அண்ணன் தம்பி. சாதாரணமா."

அந்த 'சாதாரணமா'தான் பெரியவரைச் சாய்த்தது. மார்பு வலி வந்தபோதுகூட அவர் இப்படி ஆகவில்லை. வீட்டில் பேச்சில்லை. கடையில் தம்பி முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தொப்பி இல்லாமல் வந்தார். இன்னொரு நாள், எங்கே வாங்கினாரோ, கட்டம் போட்ட சட்டையில் வந்தார். பக்கத்துக் கடைக்காரர் சின்னவரிடம், கடைக்குப் புதுசா ஆள் போட்டிருக்கீங்களா என்று கேட்டார். சின்னவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் ஆசைப்பட்டது இதைத்தான். கிடைத்ததும் இதுதான். எதிரே உட்கார்ந்து தனியாக டீ குடிக்கிற, வழுக்கை விழுந்த, கட்டம் போட்ட ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனி எதற்கு என்று சின்னவர் மை டப்பாவைத் தொடவில்லை. மீசையின் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் உள்ளே வந்தார், பழைய துணிச் சட்டையில், தொப்பியோடு. ஷட்டரைப் பாதி இறக்கினார். கிண்ணத்தில் மை கலக்கினார்.

"உட்காரு" என்றார்.

சின்னவர் உட்கார்ந்தார். அண்ணனின் பிரஷ் மூக்குக்குக் கீழே குளிர்ச்சியாக ஊர்ந்தது.

"அவங்களுக்கென்ன தெரியும்" என்று பெரியவர் முணுமுணுத்தார். டாக்டரையா, அண்ணியையா, ஊரையா என்று சொல்லவில்லை. "குத்தினது எனக்கு. கத்தினது நீ. அதை எந்த லேப்ல எழுதுவாங்க?" பிரஷ்ஷைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு மூக்கை நீட்டினார்.

பூசி முடித்ததும் இருவரும் வாயை இறுக்கிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் ஸ்டூலில் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தார்கள். மின்விசிறி சாவிகளை லேசாக ஆட்டியது. ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. தையல்கார அம்மா குனிந்து உள்ளே நுழைந்தார், கையில் ஒரு சாவி.

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு வெட்டி வச்சது. இன்னிக்கு எடுத்துப் போட்டா உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. ஒரு சாவியை இப்படியா வெட்டுவாங்க? யார் வேலை இது?"

சின்னவருக்கு அந்தச் சாவி நன்றாக ஞாபகம் இருந்தது. அதை வெட்டியவர் யார், அன்றைக்கு அவர் கையில் மாத்திரையை வைத்தவர் யார் என்பதும் ஞாபகம் இருந்தது. ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மீசைகளும் ஈரமாக, கன்னங்கரேலென்று துடித்தன. வாயைத் திறக்க வழியில்லை.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் எழுந்து, ஒன்றையொன்று குறுக்கே தாண்டி, ஒருவரையொருவர் சுட்டிக்காட்டின.